அம்மாவுக்கு எந்தப் பாட்டைப் போடுவது? ஞாபகமறதியும் பூஞ்சை பிடித்த கேசட்டும்

மண்டபம்_மகன்:
அம்மா 1950-ல் பிறந்தவர். பிறந்த ஊர் தங்கச்சிமடம், கட்டிக்கொடுத்தது மண்டபத்தில். அல்சைமர் என்று டாக்டர் உறுதி செய்துவிட்டார், மாத்திரை ஓடுகிறது. பாட்டு போட்டால் நல்லது என்றார்கள். கடையில் விற்கும் ‘பழைய பாட்டு’ பென் டிரைவைப் போட்டால் பாதிப் பாட்டுக்கு ஓர் அசைவும் இல்லை. சிலவற்றுக்கு வரி தவறாமல் கூடவே பாடுகிறார். ஒன்றிரண்டுக்கு எழுந்து வாசலுக்குப் போய் அழுகிறார். ஏன் இந்த வித்தியாசம்? எப்படித் தேர்ந்தெடுப்பது? வீட்டில் ஒரு பெட்டி நிறையப் பழைய கேசட்டும் கிடக்கிறது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை. அதைப் போட்டுப் பார்க்கலாமா?

தொண்டி_நர்ஸ்:
கேசட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள் தம்பி, அதற்கு ஆள் வருவார். பாட்டுத் தேர்வைப் பார்ப்போம்.

பிறந்த வருஷத்தோடு 10 கூட்டுங்கள், 30 கூட்டுங்கள். அம்மாவுக்கு 1960 முதல் 1980 வரை. சொந்த வாழ்க்கையின் ஞாபகம் அடர்த்தியாகப் பதிவது ஏறக்குறைய இந்த வயதில்தான். கல்யாணம், ஊர் மாறுவது, முதல் பிள்ளை எல்லாம் அப்போதுதான் முதல்முறையாக நடக்கின்றன. அந்த நேரத்தில் காதில் விழுந்த பாட்டும் அவற்றோடு ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் அந்தக் காலத்துப் பாட்டு என்பது மட்டும் போதாது. பெரிய ஹிட் பாட்டை அம்மா அன்று முதல் இன்று வரை டீக்கடை, பஸ், டிவி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நூறு இடத்தோடு ஒட்டிய பாட்டு எந்த இடத்தையும் தனியாகக் காட்டாது. ஒரு பருவத்தில் திரும்பத் திரும்பக் கேட்டு, பிறகு வருஷக்கணக்கில் காதில் விழாத பாட்டுதான் அந்தப் பருவத்தை இழுத்துக்கொண்டு வரும். பென் டிரைவில் போட்டு விற்பதெல்லாம் முதல் வகை. உங்களுக்கு வேண்டியது இரண்டாம் வகை. அதை அம்மாவின் கூடப்பிறந்தவர்களிடமும் பழைய பக்கத்து வீட்டாரிடமும்தான் விசாரிக்க முடியும். “அம்மாவுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்” என்று கேட்டால் எல்லோரும் ஹிட்டைத்தான் சொல்வார்கள். “கல்யாணத்துக்குக் குழாய் ரேடியோ கட்டினார்களே, என்ன ஓடியது”, “மீன் காயப்போடும்போது என்ன பாடுவார்கள்” என்று இடத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

கூடவே பாடுவதும் ஞாபகம் வருவதும் வேறு வேறு. வரியும் மெட்டும் பழக்கமாக ஊறியவை, நோய் முற்றிய பிறகும் நிற்கும். அன்றைய நாள் நினைவுக்கு வருவது இன்னொரு வேலை. பாட்டையும் சொந்த நினைவையும் இணைப்பதில் நெற்றிக்குப் பின்னால், மூளையின் நடுப்பக்கத்தில் உள்ள பகுதிக்குப் பங்கு உண்டு என்று பெட்ர் ஜனாட்டா 2009-ல் ஸ்கேன் ஆய்வில் காட்டினார். அல்சைமரில் அந்தப் பகுதி மற்ற பல பகுதிகளைவிடத் தாமதமாகச் சுருங்குகிறது. அதனால்தான் இந்த வழி இன்னும் திறந்திருக்கிறது என்று கருதுகிறார்கள்.

15, 20 பாட்டு சேர்ந்ததும் சோதனை. ஒரு வேளைக்கு மூன்று பாட்டுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிஷம் சும்மா விடுங்கள். பேச்சு பெரும்பாலும் பாட்டு முடிந்த பிறகுதான் வரும், அந்த இடைவெளியில் அடுத்த பாட்டைப் போட்டால் வந்தது போய்விடும். உதடு அசைவு, கால் தாளம், ஸ்பீக்கர் பக்கம் திரும்புவது, முகச் சுளிப்பு, கையைப் பிசைவது எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். ஒரே பாட்டை வேறு நாளில், வேறு நேரத்தில் இன்னொரு முறை போட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

“இது எந்தப் படம், யார் பாடினது” என்று கேட்காதீர்கள். அது பரீட்சை. பதில் வராவிட்டால் அவர் சுருங்கிவிடுவார். “அப்போ நெத்திலி நிறைய வரும்ல” என்று பாதி சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மீதியை அவர் சொன்னால் சரி, சொல்லாவிட்டாலும் சரி.

அழ வைக்கும் பாட்டு எல்லாமே கெட்டதில்லை. அழுது முடித்துப் பேசுகிறார், தளர்கிறார் என்றால் வைத்துக்கொள்ளலாம். வாசலுக்குப் போகிறார், யாரையோ தேடுகிறார் என்றால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கரைவலை:
நர்ஸக்கா சொன்ன அழுகைக்கு இந்தக் கரையில் ஒரு தனிக் காரணம் இருக்கலாம். 1964 டிசம்பர் 22, 23 புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்துபோனபோது உங்கள் அம்மாவுக்கு 14 வயது. தங்கச்சிமடம் பாம்பனுக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவில். யாரைப் பறிகொடுத்தார்கள் என்பது சொந்தக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த மார்கழியை ஒட்டி ஊரில் ஓடிய பாட்டு, கிறிஸ்துமஸ் பாட்டு உட்பட, எதுவாக இருந்தாலும் விசாரித்துவிட்டுப் போடுங்கள்.

இன்னொன்று, சினிமாப் பாட்டோடு நிற்காதீர்கள். தங்கச்சிமடம் என்றால் கிறிஸ்தவக் கோவில் பாட்டு, தவக்காலத்தில் பாடுவது, திருவிழாத் தேர் நேரத்தில் பாடுவது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிக்காரர்களுக்கு நபி புகழ் பாடும் மவ்லிது, நாகூர் ஹனிபா, கல்யாண வீட்டில் பெண்கள் பாடும் பாட்டு. உள்ளே தள்ளிப் போனால் முளைப்பாரிக் கும்மி. கரைவலை இழுத்த குடும்பம் என்றால் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு. இதில் பெரும்பாலானது எந்தச் செயலியிலும் கிடைக்காது. அதே ஊர்க் கிழவி யாரையாவது பாடச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் போனை வையுங்கள். நேர் எதிரே வைத்தால் மூச்சு மோதிப் புஸ் புஸ் என்று விழும். வெளியே வேண்டாம், கச்சான் காற்று பதிவைக் கெடுத்துவிடும். துணி நிறைய இருக்கும் அறை உத்தமம்.

அம்பாப் பாட்டும் கும்மியும் உடம்போடு பதிந்தவை. உட்காரவைத்துக் கேட்கச் சொன்னால் பாதிதான் வரும். கையில் பருத்திக் கயிறு ஒன்றைக் கொடுத்து மறுமுனையை நீங்கள் பிடித்து மெதுவாக இழுங்கள், இழுவைக்குப் பாட்டு தானாக வரும்.

அப்புறம் இலங்கை வானொலி. மத்திய அலை உப்புத் தண்ணீர் மேல் தரையைவிட வெகுதூரம் வலுக்குறையாமல் போகும், அதனால் நம் கரையில் கொழும்பு எடுத்த தெளிவில் பல நேரம் நம் நாட்டு நிலையங்களே எடுக்காது. இந்த வயதுக்காரர்களுக்குப் பாட்டைவிட, பாட்டுக்கு முன்னால் வரும் அறிவிப்பாளர் குரலும் நிகழ்ச்சியின் முகப்பு இசையும்தான் கொக்கி. ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சி என்றால் காலை வேலை, அடுப்படி. அறிவிப்போடு சேர்ந்த பழைய பதிவு கிடைத்தால் அறிவிப்பை வெட்டாதீர்கள்.

நர்ஸக்கா, 10–30 கணக்கில் எனக்கு முழு உடன்பாடில்லை. அம்மாவின் அம்மா பாடிய தாலாட்டு அதற்கு முந்தியது, அதுவும் பிடிக்கும்.

தொண்டி_நர்ஸ்:
உண்மைதான். அமெரிக்காவில் இளைஞர்களிடம் செய்து 2013-ல் வெளியான ஆய்வில், அவர்களுடைய பெற்றோரின் இளமைக்காலப் பாட்டுகளோடும் சொந்த ஞாபகம் சேர்ந்திருந்தது தெரிந்தது. வீட்டில் பெரியவர்கள் போட்டதைக் கேட்டு வளர்வதால் வருவது. ஆக பாட்டி காலத்துப் பாட்டு நாலைந்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆரம்பிக்க மட்டும் 10–30 போதும்.

பரமக்குடி_டேப்:
பூஞ்சைக் கேசட்டை நேரே பிளேயரில் போட்டால் பூஞ்சை, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். நாடாவின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அறுந்தும் போகும். வெயிலில் காயவைக்காதீர்கள், கேசட்டின் பிளாஸ்டிக் ஓடு நெளியும். காற்று புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு வாரம் வையுங்கள். உலர்ந்தபின் முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே நிழலில், நாடாச் சுருளின் ஓரத்தை மென்மையான பிரஷால் துடையுங்கள். அம்மா பக்கத்தில் இருக்க வேண்டாம்.

ஓட்டில் திருகாணி இருந்தால் திறந்து, இரண்டு சுருளையும் நல்ல திருகாணி ஓட்டுக்கு மாற்றிவிடலாம். ஒட்டி மூடிய ஓடு என்றால் விளிம்பில் கத்தி வைத்துப் பிளக்க வேண்டும். நாடாவுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பஞ்சு விழுந்திருந்தால் சத்தம் மங்கும், வேறு கேசட்டிலிருந்து எடுத்துப் போடுங்கள். அறுந்த நாடாவுக்குச் செல்லோ டேப் ஆகாது, பசை கசிந்து பக்கத்துச் சுற்றையும் பிடித்துக்கொள்ளும். கேசட்டுக்கென்றே ஸ்பிளைசிங் டேப் உண்டு. 90 நிமிஷக் கேசட்டின் நாடா 60 நிமிஷத்ததைவிட மெல்லியது, அங்கே பொறுமை வேண்டும். மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதையும் உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்டு அழுத்தினாலும் அழியாது.

முதலில் ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ஹெட் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சின்னத் திருகாணி ஒன்று இருக்கும். பாட்டு ஓடும்போது அதை இம்மி இம்மியாகத் திருப்பி, ஜால்ரா சத்தம் எங்கே அதிகத் தெளிவோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டும் வேறு மெஷினில் பதிந்தது, ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்ய வேண்டும். ‘கேசட் போய்விட்டது’ என்று வருவதில் பல இந்தத் திருகாணிக் கோளாறுதான்.

லேப்டாப்பின் மைக் துளையில் சொருகினால் சத்தம் உடையும். லைன்-இன் (பிளேயரின் ஒலியை நேராக வாங்கும் துளை) உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குங்கள். ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் உச்சம் −6 டெசிபெல் தாண்டாமல், 44,100 ஹெர்ட்ஸ், வேவ் கோப்பாகப் பதியுங்கள். 60 நிமிஷக் கேசட்டின் ஒரு பக்கம் சுமார் 300 எம்பி வரும். இரைச்சலை அதிகம் வழித்தெடுக்காதீர்கள், குரலும் சேர்ந்து போய்விடும். பின்னணியில் கோழி, குழந்தை, யாரோ கூப்பிடுவது இருந்தால் அதுதான் தங்கம்.

வேகத்தையும் பாருங்கள். மோட்டார் 3 சதவீதம் வேகமாக ஓடினாலே பாட்டின் சுருதி கொஞ்சம் ஏறிவிடும், பழகிய காது ஒத்துக்கொள்ளாது. வீட்டு மின்சாரத்தில் பதிந்த கேசட் என்றால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் உள்ளேயே இருக்கும். பிளேயரை பேட்டரியில் ஓட்டிப் பதிந்து, அந்த உறுமல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 51.5-ல் நின்றால் அந்த 3 சதவீதம்தான், குறைத்துவிடுங்கள். பிளேயரைக் கரண்டில் ஓட்டினால் அதன் சொந்த உறுமலும் கலந்து ஏமாற்றும்.

மண்டபம்_மகன்:
எல்லோருக்கும் நன்றி. போனில் யூடியூபில் போட்டால் போதுமா, ஹெட்போன் வேண்டுமா? குளிக்க வைப்பதுதான் பெரிய போராட்டம், அதற்கும் பாட்டு உதவுமா?

தொண்டி_நர்ஸ்:
யூடியூப் வேண்டாம், நடுவில் விளம்பரம் கத்தும், பயந்துவிடுவார். மறுபதிவு, ரீமிக்ஸ், மேடையில் வேறொருவர் பாடியது எதுவும் சரிப்படாது. பழக்கமான பாட்டை மனிதர்கள் ஒரு நொடிக்குள் ஒலியின் நிறத்தை வைத்தே அடையாளம் காண்கிறார்கள், நிறம் மாறினால் அது அவருக்கு வேறு பாட்டு. போன் ஸ்பீக்கரில் ஒலி தகரமாக வரும், சின்ன புளூடூத் ஸ்பீக்கர் நல்லது. சாதாரணப் பேச்சுச் சத்தம் போதும், மிக்ஸியும் டிவியும் நின்றிருக்க வேண்டும். ஹெட்போனைப் பலர் பிடுங்கி எறிவார்கள், காது மிஷின் இருந்தால் கீச்சென்று கத்தவும் செய்யும். அதற்கெல்லாம் முன்னால் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று டாக்டரிடம் பாருங்கள். சாயங்காலம் பதற்றம் கூடும் என்றால், அது தொடங்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால் போடுங்கள்.

குளியலுக்கு உதவும், ஆனால் தேடிப் பிடித்த அந்தப் பாட்டுகளை அதற்குச் செலவழிக்காதீர்கள். தினமும் தண்ணீர்ச் சத்தத்தோடு ஓடினால் அவையும் ஹிட் பாட்டு கதிக்கு வந்துவிடும். அவருக்குக் கெட்டதும் நல்லதும் இல்லாத, நிதானமான வேறொரு பாட்டை எடுங்கள். துண்டைக் கையில் கொடுக்கும்போது ஆரம்பித்து, தலை துவட்டும்வரை அதே பாட்டு, அதே நேரம், தினமும். சில வாரங்களில் அது குளியலின் அடையாளமாகப் படிய வாய்ப்புண்டு. சோப்பு பட்டுக் கண் எரிந்த நாளில் உடனே நிறுத்துங்கள், எரிச்சலும் பாட்டோடு சேர்ந்தே பதியும்.

பரமக்குடி_டேப்:
பெட்டியில் கடையில் வாங்கிய சினிமா கேசட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அவை வேறு எங்காவது கிடைக்கும். கையெழுத்தில் பெயர் எழுதியது, பெயரே எழுதாதது, இவற்றை முதலில் எடுங்கள். அதில் நல்லதாக இருப்பதில் ஹெட் திருகாணியைப் பழகிக்கொண்டு, பிறகு பூஞ்சைக்கு வாருங்கள்.