பிளஸ் டூ தேர்ச்சி பெற்றும் கல்லூரியில் சேராத பிள்ளைகள்: காசிமேட்டிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி:
வணக்கம். வடசென்னையின் மீன்பிடித் துறைமுகப் பகுதியான காசிமேட்டில் மாலை நேர இலவச வகுப்பில் பல ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் நடத்தி வருகிறேன். எங்கள் பிள்ளைகள் இப்போது பிளஸ் டூவில் நன்றாகவே தேர்ச்சி பெறுகிறார்கள். அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. வியாசர்பாடியிலேயே அம்பேத்கர் பெயரில் ஓர் அரசுக் கல்லூரி இருக்கிறது. அப்படியிருந்தும் மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கிய பையன்களில் சிலர் கல்லூரி வாசலை மிதிக்காமலேயே நின்றுவிடுவது ஏன்?

பதில் 1:
ஐயா, நாட்காட்டியைப் பாருங்கள். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். தேர்வு முடிவு வெளியாகி விண்ணப்பம், கலந்தாய்வு என்று பிள்ளைகள் அலைவதும் அதே நாட்களில்தான். வீட்டில் வருமானம் இல்லாமல் கடன் ஏறியிருக்கும் வேளையில், அதற்குள் இடம் உறுதியாகாத பையன், தடை நீங்கிப் படகு கிளம்பும்போது அப்பாவுடன் ஏறிவிடுகிறான். கல்லூரி திறப்பதற்குள் அவன் கையில் கூலி வந்துவிடும். பிறகு அவனைத் திருப்புவது கடினம். நானும் அப்படி ஏறியவன்தான்.

பதில் 2:
மேலே சொன்னது உண்மை, ஆனால் சலுகைகளின் வரம்பையும் பார்க்க வேண்டும். மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்வியில் 2021 முதலும் உள்ள 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது உண்டு. பக்கத்துத் தெருவில் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த, அதே அளவு ஏழையான மீனவர் மகளுக்கு இல்லை. வடசென்னையில் அத்தகைய பள்ளிகள் ஏராளம் என்பதால் இது எனக்குப் பெரும் குறையாகவே படுகிறது. 2022இல் இங்குள்ள பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் முதலில் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டுமே இருந்தது. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தவர்களுக்குப் பின்னர்தான் விரிவுபடுத்தினார்கள். ஒதுக்கீட்டையும் அவ்வாறே விரிவுபடுத்துவதில் என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை.

பதில் 3:
சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாது. வருமானச் சான்று, சாதிச் சான்று, தொழிற்கல்விக்குப் போகிறவர்களுக்கு முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு போனால் வரிசை நீளும். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் இரண்டு வாரம் போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அடுத்த ஆண்டு தேர்வு முடிந்த கையோடு, ஏப்ரலிலேயே சான்றிதழ் வேலையைத் தொடங்கிவிடுகிறோம். தடைக்காலத்தில் அப்பாக்கள் கரையில்தான் இருப்பார்கள். கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.