பெற்றோர், சகோதரங்களை லண்டனுக்கு எடுத்தவை உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

முதல்ல நானே எழுதுறன். அம்மா மானிப்பாயில தனிய இருந்தவ. பாரிசவாதம் வந்து இடப்பக்கம் இழுத்துப்போட்டுது. எனக்கு இஞ்ச பிரஜாவுரிமை, சொந்த வீடு, நிரந்தர வேலை எல்லாம் இருக்கு. இதுகள் காணும் எண்டுதான் சனம் நினைக்குது. காணாது. 2012 ஜூலை 9இல விசாச் சட்டம் மாறினதுக்குப் பிறகு கேக்கிறது வேற. அம்மாவால தானாக் குளிக்க, உடுக்க, சமைக்க ஏலுமோ? ஏலாதெண்டா, நீங்கள் காசு அனுப்பினாலும் அந்தப் பராமரிப்பு ஊரில கிடைக்காதோ? ரெண்டுக்கும் அத்தாட்சி வேணும். வயசும் தனிமையும் மட்டும் எடுபடாது.

எங்களுக்கு முதல்ல விசா மறுத்துப்போட்டினம். மாதாமாதம் காசு அனுப்புறீங்கள், அதில ஆள் வைச்சுப் பாக்கலாம் எண்டு காரணம். காசில்லாட்டி உங்களால பராமரிக்க ஏலாது எண்டு மறுப்பினம், இருந்தா இப்பிடி. எனக்கு இண்டைக்கும் மனம் ஆறேல்லை.

அப்பீலில வக்கீல் 2017இல வந்த மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டினவர். அது சட்டத்தை மாத்தேல்லை. ஆனா கிடைக்கிற பராமரிப்பு அந்த ஆளுக்குப் பொருந்துமோ, மனநிலைக்குத் தேவையானது கிடைக்குமோ எண்டும் பாக்கோணும், அதுக்கு வைத்தியரின்ர அறிக்கை வேணும் எண்டு சொல்லுது. மனநல வைத்தியரிட்டயும் அறிக்கை எடுத்தம். உறவுக்காரர் ஒருத்தரும் பக்கத்தில இல்லை எண்டு கிராம சேவகர் கடிதம் தந்தவர்.

எல்லாத்தையும் விட உதவினது பக்கத்து வீட்டு மாமியின்ர கொப்பி. வேலைக்கு வந்த பிள்ளையள் எப்ப வந்து எப்ப விட்டிட்டுப் போனவை, எந்த இரவு அம்மா எழும்ப ஏலாமல் நனைஞ்ச படுக்கையிலயே விடியுமட்டும் கிடந்தவ எண்டு திகதி போட்டு எழுதி வைச்சிருந்தவ. நீதிபதி அதைப் பற்றித்தான் என்னட்டக் கனக்கக் கேட்டவர்.

வெண்டம். அம்மா நிரந்தர வதிவிடத்தோடயே வந்து இறங்கினவ. அரச உதவி எடுக்காமல் 5 வருசம் பாப்பன் எண்டு நான் கையெழுத்து வைச்சிருக்கிறன்.

—

அக்கா, நான் தம்பிக்குப் போட்டிருக்கிறன். பிறவியிலயே நடக்க ஏலாதவன். அம்மா இருக்குமட்டும் அவதான் தூக்கி முழுக வார்த்து, சாப்பாடு தீத்தினவ. அவ மோசம்போன பிறகு ஆருமில்லை. சகோதரத்துக்கும் போடலாம் எண்டதே கனபேருக்குத் தெரியாது. சித்தி, மாமிக்குத்தான் ஏலாது. விசிற் விசாவில கூப்பிட்டு இஞ்ச வைச்சு மாத்தலாம் எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ. ஊரில இருந்துதான் போடோணும். ஆங்கிலச் சோதனை இல்லை. காசநோய்ப் பரிசோதனை இருக்கு, அதுக்கு அவனைக் கொழும்புக்கு வானில படுக்க வைச்சுக் கொண்டுபோனது பெரும்பாடு.

அந்தக் கொப்பியை அப்பிடியே குடுத்தனீங்களோ?

—

இல்லைத் தம்பி. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுத்து ஆங்கிலத்தில எடுத்து, மூலத்தையும் சேர்த்து வைச்சம். எழுதினது தான்தான் எண்டு மாமி ஒரு கடிதமும் தந்தவ. உங்கட தம்பியை இப்ப பாக்கிற ஆளிட்ட இண்டைக்கே எழுதத் தொடங்கச் சொல்லுங்கோ.