ரவுட்டரில் மெமரி தீர்ந்துபோகிறது, அவசர உதவி

கேபிள்தம்பி: நேற்று இரவு இரண்டாவது அப்ஸ்ட்ரீம் (நமக்கு இணையம் தரும் நிறுவனம்) சேர்த்தேன். ஓஎஸ்பிஎஃப் (உள் நெட்வொர்க்குக்கு), பிஜிபி (வெளி நெட்வொர்க்குகளுக்கு) என்ற ரூட்டிங் முறைகள் இரண்டும் ஓடுகின்றன. கொஞ்ச நேரத்திலேயே மால்லாக்ஃபெயில் (கேட்ட மெமரி கிடைக்கவில்லை) என்று லாக் கொட்டுகிறது, டெல்நெட் (தூரத்திலிருந்து நுழையும் வழி) உள்ளே விடவில்லை. ராம் எவ்வளவு போட்டால் சரியாகும்?

முரளி_நெட்: எந்த ரவுட்டர்? இப்போது ராம் எவ்வளவு? அப்ஸ்ட்ரீமிலிருந்து எடுப்பது ஃபுல் டேபிளா (இணையத்தின் எல்லா ரூட்டுகளும்), டீஃபால்ட் மட்டுமா (எல்லாவற்றுக்கும் ஒரே ரூட்)?

பேக்கெட்_பாண்டி: பஃபர் (பேக்கெட்டைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) பிரச்சினைதான், சந்தேகமே இல்லை. ஷோ பஃபர்ஸ் அடித்துப் பாருங்கள், மிடில் பஃபரில் மிஸ் (காலி பஃபர் இல்லாத தடவைகள்) ஏறியிருக்கும். பெர்மனென்ட் (எப்போதும் ஒதுக்கி வைக்கும்) பஃபர் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

கன்சோல்_மாமா: மிஸ் ஏறினால் பஃபர் பூல் (பஃபர் தொகுப்பு) தானாக வளரும். ஃபெயிலியர் ஏறினால்தான் கவலைப்பட வேண்டும். தம்பி, லாக் வரியில் பூல் (எந்த மெமரிப் பகுதி) என்று ஒன்று இருக்கும். ஐ/ஓ என்றால் பாண்டி சொல்லும் பஃபர். ப்ராசஸர் என்றால் ரூட்டிங் தின்கிறது. அந்த ஒரு வரியைக்கூடப் படிக்காமல் இழை திறப்பதே இங்கே பழக்கமாகிவிட்டது.

கேபிள்தம்பி: சிஸ்கோ 2811, 512 எம்பி. ப்ராசஸர் என்றுதான் இருக்கிறது. புது லிங்கில் ஃபுல் டேபிள் அனுப்புகிறார்கள், ஆனால் ப்ரிஃபிக்ஸ் லிஸ்ட் (ரூட் ஃபில்டர்) போட்டு டீஃபால்ட்டை மட்டும்தான் எடுக்கிறேன்.

பேக்கெட்_பாண்டி: 2014 ஆகஸ்ட் 12 ஞாபகம் இருக்கிறதா? இணையத்தின் ஃபுல் டேபிள் 512கே ரூட்டுகளைத் தாண்டியதும் எத்தனை ரவுட்டர்கள் படுத்தன! அதே கதை.

கன்சோல்_மாமா: அது டிகேம் (ரூட்டுகளைத் தேடும் தனி ஹார்டுவேர் மெமரி). சிஸ்கோ 6500, 7600 மாதிரிப் பெட்டிகளின் ஹார்டுவேர் டேபிள் நிரம்பியது. 2811 சாஃப்ட்வேரில் ஃபார்வர்ட் பண்ணும் பெட்டி. இரண்டையும் குழப்பாதீர்கள்.

வயர்லெஸ்_செல்வி: இந்தக் காலத்தில் 2811-ஆ? மைக்ரோடிக் (வேறு கம்பெனி ரவுட்டர்) வாங்கிப் போடுங்கள்.

கன்சோல்_மாமா: அவர் கேட்டது அதுவா?

முரளி_நெட்: தம்பி, பிஜிபி கான்ஃபிகில் நெய்பர் (எதிர்ப்பக்க ரவுட்டர்) வரிகளில் சாஃப்ட்-ரீகான்ஃபிகரேஷன் இன்பவுண்ட் இருக்கிறதா? இருந்தால் ஃபில்டர் தள்ளிய ரூட்டுகளும் மெமரியிலேயே உட்கார்ந்திருக்கும். ஐபிவி4 ஃபுல் டேபிள் இப்போது சுமார் 10 லட்சம் ரூட், 512 எம்பி தாங்காது. எதிர்ப்பக்கம் ரூட் ரெஃப்ரெஷ் (ரூட்டுகளை மறுபடி கேட்டு வாங்கும் வசதி) இருந்தால் அந்த வரியே வேண்டாம். எடுத்துவிட்டு பிஜிபி செஷனை கிளியர் பண்ணுங்கள் (மறுபடி தொடங்க வையுங்கள்). அப்புறம் டீஃபால்ட் மட்டும் அனுப்பும்படி அப்ஸ்ட்ரீமிடம் கேளுங்கள், வந்து குவிவதே நின்றுவிடும்.

வயர்லெஸ்_செல்வி: மைக்ரோடிக்கில் இந்தத் தலைவலியே இல்லை.

கன்சோல்_மாமா: 256 எம்பி மைக்ரோடிக்கில் ஃபுல் டேபிள் ஏற்றிவிட்டு வந்து சொல்லுங்கள்.

கேபிள்தம்பி: அந்த வரி இருந்தது. எடுத்தாச்சு, இப்போது ரவுட்டர் விழாமல் நிற்கிறது. நன்றி முரளி அண்ணா.

பேக்கெட்_பாண்டி: ஷோ பஃபர்ஸ் பார்த்தீர்களா, இல்லையா?