ஃபிளிக்கருக்குத் தமிழில் என்ன போடுவது? 'மினுக்குதல்' சரிதானா?

கேள்வி: கையேட்டுக்காரன்

வீட்டு விளக்குப் பழுதுபார்க்கும் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'ஃபிளிக்கர்' (விளக்கொளி நிலையில்லாமல் இருப்பது) வரும் இடமெல்லாம் 'மினுக்குதல்' என்று போட்டிருக்கிறேன். ஆனால் 'பல்பு மினுக்குகிறது' என்றால் பளபளப்பாக இருக்கிறது என்றல்லவா தோன்றுகிறது? சிமிட்டு, இமை, துடி, நடுங்கு இவற்றில் எது பொருந்தும்? ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றலாமா?

சொல்வேர்

உங்கள் சந்தேகம் நியாயமானது. மினுங்கு தன்வினை, மினுக்கு பிறவினை. நகை மினுங்கும், நாம் அதை மினுக்குவோம். 'குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கி வை' என்றால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவது. 'மினுக்கிக்கிட்டுத் திரியிறான்' என்றால் பகட்டு. ஆக, இந்தச் சொல் குடும்பத்தில் பளபளப்புதான் முன்னால் நிற்கும், பழுது அல்ல.

'மினுக் மினுக்கென்று' மட்டும் விலக்கு. அது சின்னதாக, விட்டு விட்டு வரும் ஒளி, மின்மினி மாதிரி. 'மினுமினு' என்றாலோ மறுபடி பளபளப்புக்கே போய்விடும். எண்ணெய் தேய்த்த உடம்பு மினுமினுக்கும்.

இமைத்தல் பழந்தமிழில் கண்ணுக்கும் ஒளிக்கும் பொது. திருமுருகாற்றுப்படையின் தொடக்கத்தில் வரும் 'ஓஅற இமைக்கும்' என்பது இடையறாமல் ஒளிர்வதைச் சொல்கிறது. இன்று இமை கண்ணோடு நின்றுவிட்டது. 'துளங்கு' அசைவதையும் ஒளிர்வதையும் ஒருசேரச் சொல்லும் அருமையான சொல், ஆனால் கையேட்டில் போட்டால் யாருக்கும் விளங்காது.

வயரிங் மதுரை

ஒரே சொல் போடாதீங்க. ஜனங்க சொல்ற சொல்லிலேயே பழுது எங்கேன்னு பாதி தெரிஞ்சுடும்.

'விட்டு விட்டு எரியுது'ன்னா ஹோல்டர் பின் தேய்ஞ்சிருக்கும், இல்லைன்னா சுவிட்ச்சில் லூஸ் காண்டாக்ட். சோக் வெச்ச பழைய டியூப்லைட்டில் இதையே 'அடிச்சு அடிச்சு எரியுது'ம்பாங்க. முதலில் ஸ்டார்ட்டரை இடப்பக்கமாக் கால் திருகு திருப்பிக் கழற்றி, வேற ஒண்ணு போட்டுப் பாருங்க. அப்பவும் அடிச்சு, ரெண்டு முனையும் கறுத்திருந்தா டியூப் ஆயுள் முடிஞ்சது. லோ வோல்டேஜிலும் இப்படி அடிக்கும், அதனால டியூபை மாத்துறதுக்கு முன்னாடி வோல்டேஜ் பார்த்துடணும்.

'ஏறி ஏறி இறங்குது'ங்கிறது வேற. த்ரீ ஃபேஸ் வீட்டில் சில விளக்கு மங்கி, சிலது அளவுக்கு மீறி எரிஞ்சா நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போற கம்பி) விட்டுப்போகுது. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கி வரலாம். உடனே மெயினை அணைச்சுட்டு ஆளைக் கூப்பிடணும். இந்த எச்சரிக்கையை நீங்க 'மினுக்குதல்'னு எழுதினா ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் போயிடும்.

அணைச்ச பிறகும் எல்இடி பல்பு 'மினுக் மினுக்'குனா, அங்கே அந்தச் சொல் கச்சிதம். சுவிட்ச்சில் இருக்கிற சின்ன சிவப்பு இண்டிகேட்டர் வழியாக் கொஞ்சம் மின்சாரம் கசிஞ்சு, பல்புக்குள்ள இருக்கிற கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற பாகம்) மெல்ல நிரம்பும். நிரம்பினதும் ஒரு வெட்டு வெட்டிட்டு அணையும், மறுபடி நிரம்பும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போட்டா நின்னுடும். நிக்கலைன்னா ஃபேஸுக்கு (மின்சாரம் வர்ற கம்பி) பதிலா நியூட்ரல் சுவிட்ச்சுக்கு வந்திருக்கான்னு டெஸ்டர் வெச்சுப் பாருங்க.

கையேட்டுக்காரன்

மிக்க நன்றி ஐயா. 'ஃபிளிக்கர் இல்லாத பல்பு' என்று ஒரு இடத்தில் வருகிறது. அங்கே கண்ணுக்கே எதுவும் தெரியாதே?

ஒளியளவி

அதற்கு 'ஒளித்துடிப்பு' எழுதுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு உச்சம் வருவதால், டிரைவர் (எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் உள்சுற்று) சரியில்லாத பல்பின் ஒளி நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். கண் பிடிக்காது, கேமரா பிடிக்கும். செல்போன் கேமராவை பல்புக்கு நேரே காட்டி, ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்கு வைத்தால் கறுப்புப் பட்டைகள் ஓடும். 1/100-இல் மறைந்துவிடும்.

இதைச் சாதாரணமாக விடக்கூடாது. லேத் பட்டறையில் இப்படித் துடிக்கும் ஒளியில், சுழலும் சக் (வேலைப்பொருளைப் பிடித்துச் சுழற்றும் பாகம்) சில வேகங்களில் நின்றுவிட்டது போலவே தெரியும், கை வைத்துவிடுவார்கள். விளக்குகளை மூன்று ஃபேஸுக்கும் பிரித்துக் கொடுப்பது அதனால்தான்.

சொல்வேர்

ஒன்று விட்டுப்போயிற்று. கையேட்டில் எண்ணெய் விளக்கு வந்தால் மேலே சொன்ன எதுவும் ஆகாது. காற்றில் சுடர் ஆடும், நடுங்கும். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் திரி சடசடவென்று பொரியும்.