மலாவி கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு உதவணும், பொருளா அனுப்பலாமா பணமா அனுப்பலாமா?

லயத்துவீட்டு மக:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க மலேசியாவுல பேராக் மாநிலத்துல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துல பொறந்து வளந்தவங்க, தோட்டம் இப்ப முழுக்க செம்பனை ஆயிடுச்சி, தொழிலாளருங்க இருந்த லயத்து வீடு எல்லாம் ஒடச்சாச்சி, எல்லாரும் டவுன்ல தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்துட்டோம். பழைய மாணவருங்க ஒரு வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்கோம். அதுல ஒரு அக்காவோட மக லண்டன்ல படிக்கறப்ப மலாவிக்குப் போயி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துல மூனு மாசம் இருந்துட்டு வந்திச்சி. ஒரு சின்ன தொண்டு அமைப்பு உதவி பண்ணி நடக்கற பள்ளிக்கூடம். அந்தப் பொண்ணு அனுப்பின போட்டோவுல ரெண்டு வகுப்பு செங்கல்லு கட்டடம், ஒன்னுக்கு கூரை இல்ல, மத்த புள்ளைங்க மாமரத்தடியில மண்ணுல ஒக்காந்து படிக்குதுங்க. காலையில பெரிய டேக்சாவுல கஞ்சி காய்ச்சி ஆளுக்கொரு கோப்பை ஊத்துறாங்க. எங்கம்மா அந்தப் போட்டோவையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தாங்க, "தோட்டத்துல புள்ளைங்கள பாத்துக்கற நம்ம ஆயாக்கொட்டகையில வரிசையா ஒக்கார வச்சி ஊத்துவாங்களே அதே மாதிரி இருக்கு"ன்னு சொன்னாங்க, அதுலேருந்து எனக்கு மனசு அதுலயே நிக்கிது.

குரூப்ல 8,000 வெள்ளி (ரிங்கிட்) சேந்திருக்கு. சிலபேரு பழைய துணி, சப்பாத்து, ஸ்கூல் பேக் எல்லாம் சேத்து கண்டெய்னர்ல அனுப்பலாம்ங்கறாங்க, சிலபேரு பணமா குடுத்துரலாம்ங்கறாங்க. அந்தப் பக்கம் போன அனுபவம் உள்ளவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

தண்ணிக்காரன்:
தங்கச்சி, நான் பேராக்காரன்தான், தண்ணி விநியோக வேலையா மலாவியில தலைநகரம் லிலோங்வேக்குத் தெற்க டேட்சா பக்கம் ரெண்டு வருசம் இருந்தேன். கண்டெய்னர் வேணாம், அத மட்டும் முதல்ல சொல்லிடறேன். மலாவிக்கு கடலே கிடையாது, சாமான் எல்லாம் மொசாம்பிக்ல பெய்ரா இல்லன்னா நக்காலா துறைமுகத்துல எறங்கி அங்கேருந்து லாரியிலயோ ரயில்லயோ வரணும், சுங்கம், கிளியரன்ஸ், லாரி வாடகைன்னு போற காசுல அந்தக் கிராமத்துக்கு வேற நல்லது எவ்வளவோ பண்ணலாம். யூனிஃபார்முக்கு சந்தையில தையக்காரரு மெஷின் போட்டு ஒக்காந்திருப்பாரு, துணி வாங்கி அவருகிட்டயே குடுத்தா புள்ளைக்கும் சட்டை ஆச்சி அவரு வீட்லயும் அடுப்பு எரியும்.

மலாவியில 1994ல ஆட்சி மாறினதும் தொடக்கப் பள்ளிக்கு கட்டணம் இல்லன்னு ஆக்கிட்டாங்க, ஒரே வருசத்துல 19 லட்சமா இருந்த புள்ளைங்க ஏறக்குறைய 30 லட்சம் ஆயிடுச்சி, ஆனா வகுப்பும் வாத்தியாரும் அந்த வேகத்துல வருமா, அதான் ஒரே வாத்தியாருக்கு நூறு புள்ளைக்கு மேல, அதான் மரத்தடி. கட்டடத்துக்கு கிராமத்து ஆளுங்க சும்மா கைய நீட்டிக்கிட்டு நிக்க மாட்டாங்க, மழை இல்லாத மாசத்துல அவங்களே மண்ணு கொழச்சி செங்கல்லு அறுத்து சூளை போட்டு சுட்டு அடுக்கி வச்சிருவாங்க, மணலு, கல்லுன்னு பொம்பளைங்க தலையில சொமந்து வருவாங்க. நவம்பர் வாக்குல மழை ஆரம்பிச்சிரும், அதுக்குள்ள கூரை ஏறலன்னா அந்தச் செவுரு கரைஞ்சே போயிரும், நான் கண்ணால பாத்திருக்கேன். அவங்களால முடியாதது சிமிந்தியும் கூரைத் தகரமும்தான், பணம் அங்கதான் வேணும்.

கஞ்சிய சாதாரணமா நெனச்சிறாதீங்க. மக்காச்சோளம் ஏப்ரல், மே மாசத்துலதான் அறுவடை, டிசம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் வீட்ல குதிரு காலி. அந்த மாசத்துல புள்ளைங்க பள்ளிக்கூடம் வரதே கஞ்சிக்காகத்தான். மேரிஸ் மீல்ஸ்னு ஒரு அமைப்பு 2002ல மலாவியில 200 புள்ளைங்களுக்கு சோறு போட ஆரம்பிச்சி இப்ப பல நாட்டுல இருபது லட்சம் புள்ளைங்களுக்கு மேல போடுது. அங்க சமைக்கறது ஊருத் தாய்மாருங்கதான், மொறை வச்சி விடியக்காலையில வந்து விறகு மூட்டுவாங்க, சம்பளம் எதுவும் கெடையாது.

இன்னொன்னு, பள்ளிக்கூடத்துக்கிட்ட தண்ணி இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா பொம்பளைப் புள்ளைங்கதான் கொடத்தோட நடக்கும், முதல் பாடம் முடிஞ்சப்புறம் வந்து சேரும். அங்க கை பம்பு பெரும்பாலும் அஃப்ரிடேவ்ங்கற வகை, கிராமத்து ஆளுங்களே கழட்டி ரப்பர் சீல் மாத்திரலாம், ஆனா அந்த சீலுக்கு மாசாமாசம் கொஞ்சம் காசு சேத்து வைக்க ஒரு கமிட்டி இருக்கணும். கமிட்டி இல்லாத ஊருல பம்பு துருப்பிடிச்சி நிக்கும்.

செம்பனைத் தம்பி:
அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம தமிழ்ப்பள்ளிக்கூடமே இன்னும் தோட்டத்து நிலத்துல இருக்கறதால அரசாங்கத்தோட பாதி உதவிதான்னு சொல்லி பல வருசமா கட்டடத்துக்கு அலைய விட்டாங்க, எங்கப்பா பிஐபிஜியில (பெற்றோர் ஆசிரியர் சங்கத்துல) இருந்தப்ப ஒரு கக்கூஸ் கட்டறதுக்கு எத்தன கடுதாசி எழுதினாரு தெரியுமா. 1957ல இந்த நாட்டுல 888 தமிழ்ப்பள்ளி இருந்திச்சி, இப்ப 530 பக்கம் வந்து நிக்கிது, அதுலயும் பல பள்ளியில முப்பது நாப்பது புள்ளைங்கதான். 8,000 வெள்ளிய இங்க குடுத்தா என்ன? பாக்காத ஊருக்கு அனுப்பறத நெனச்சா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு, மனசுல பட்டத சொல்லிட்டேன்.

புத்தகப் பைத்தியம்:
துணி வேணாம் சரி, புத்தகத்தையும் சேத்து வேணாம்னு சொல்லிறாதீங்க அண்ணே. 2001, 2002ல மலாவியில பெரிய பஞ்சம், அப்ப கசுங்கு மாவட்டத்துல வில்லியம் கம்குவம்பான்னு ஒரு பையன் ஃபீஸ் கட்ட முடியாம இடைநிலைப் பள்ளிய விட்டு நின்னுட்டான். ஊரு தொடக்கப் பள்ளி நூலகத்துக்கு தானமா வந்த புத்தகத்துல படத்த பாத்துதான் பழைய சைக்கிள் சாமான வச்சி காத்தாலை கட்டி வீட்டுக்கு லைட்டு எரிய வச்சான். புத்தகம் மட்டும் என்ன வேணும்னு வாத்தியார கேட்டுட்டு அனுப்புங்க.

ஓய்வு டீச்சர்:
தம்பி, உன் கோவம் நியாயமானது, நானும் முப்பத்திரண்டு வருசம் தோட்டப் பள்ளியில நின்னவதான். ஆனா நம்ம பள்ளிக்கூடம் எப்படி வந்திச்சின்னு நெனச்சிப் பாரு. 1923 தொழிலாளர் சட்டத்துல பத்து புள்ளைங்க இருந்தா தோட்டம் பள்ளிக்கூடம் வைக்கணும்னு எழுதினாங்க, அதுக்காக வச்சாங்க, கோயில் கொட்டகையிலயும் பழைய ஸ்டோர்லயும் வச்சி, எழுதப் படிக்கத் தெரிஞ்ச கங்காணியோ ஆபீஸ் கணக்கெழுதற கிராணியோ வந்து பாடம் சொல்லுவாரு. விடியக்காலையில ஆள் கணக்கெடுக்கற பெரட்டுக்குப் போயி ரப்பர் பால் வெட்டி வந்த ஜனங்கதான் வெள்ளி வெள்ளியா குடுத்து அந்தக் கொட்டகைய பள்ளிக்கூடமா ஆக்குனாங்க. அமைச்சரா இருந்த நம்ம சுங்கை சிப்புட் சம்பந்தனார் 1960ல கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சப்பவும் மாசம் பத்து வெள்ளி கட்டுங்கன்னுதான் தோட்டம் தோட்டமா போனாரு, அந்தப் பத்து வெள்ளியிலதான் தோட்டமே வாங்குனோம். மலாவிக்காரங்க செங்கல்லு சுட்டு அடுக்கறத படிச்சப்ப எனக்கு அந்த ஜனங்கதான் கண்ணு முன்னால வந்தாங்க. இங்க குடுக்கணும்னா அதுக்கு இன்னொரு வசூல் வை, முதல் நூறு வெள்ளி நான் தரேன்.

மகளே, பணம் அனுப்பறதுக்கு முன்ன அந்த அமைப்புகிட்ட நாலு விசயம் கேளு. பள்ளிக்கூடத்து நிலம் யாரு பேருல இருக்கு, நிலம் நம்மளுது இல்லன்னா என்ன ஆகும்னு நமக்கு யாரும் சொல்லத் தேவையில்ல. வாத்தியாருக்கு சம்பளம் அரசாங்கமா அமைப்பா, அமைப்புன்னா அவங்க ஒரு வருசம் பணம் அனுப்பலன்னா என்ன பண்ணுவாங்க. கென்யாவுல 1963க்கு அப்புறம் ஹரம்பேன்னு சொல்லி ஊரு ஜனங்களே காசு போட்டு உழைச்சி ஏகப்பட்ட பள்ளி கட்டுனாங்க, கட்டறது கூட முடிஞ்சிச்சி, வாத்தியார் சம்பளத்துலதான் பல ஊரு தெணறிப் போச்சி. அப்புறம் பெற்றோர் கமிட்டி இருக்கா, வரவு செலவு அவங்க பாக்கறாங்களா. கடைசியா வாத்தியார் எங்க தங்கறாருன்னு கேளு. எங்க தோட்டத்துல டீச்சருக்கு குவார்ட்டர்ஸ் இருந்த வரைக்கும் சாயங்காலம் புள்ளைங்க வீட்டு வாசல்ல ஒக்காந்து கணக்கு போடும், குவார்ட்டர்ஸ் போனப்புறம் மணி அடிச்சதும் எல்லாரும் காடி ஏறிப் போயிட்டோம், நானும் உள்பட. அது எனக்கு இன்னிக்கும் வலிக்கிது.

தண்ணிக்காரன்:
டீச்சர் சொன்ன கடைசி கேள்வி ரொம்ப முக்கியம். கிராமத்துல தங்க வீடு இல்லாததால நல்ல வாத்தியாருங்க டவுனுக்கே மாத்தல் கேட்டுப் போயிருவாங்க, குறிப்பா பொம்பளை டீச்சருங்க.

லயத்துவீட்டு மக:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர் சொன்ன நாலையும் அந்தப் பொண்ணு மூலமா கேட்டுட்டேன். நிலம் ஊருத் தலைவரு பள்ளிக்கூடத்துக்குன்னு ஒதுக்குனது, பேப்பர் இருக்கு. ஆறு வாத்தியாருல நாலு பேருக்கு அரசாங்க சம்பளம், ரெண்டு பேருக்கு அமைப்பு குடுக்குது. பெற்றோர் கமிட்டி இருக்கு. தண்ணி பம்பு இருக்கு, சீலுக்கு காசும் சேக்கறாங்களாம். வாத்தியார் வீடு ஒன்னு செவுரு வரைக்கும் ஏறி நிக்கிது, ரெண்டு வகுப்புல ஒன்னுக்கு தகரம் இல்ல. அதனால துணி வசூல நிறுத்திட்டோம், 8,000 வெள்ளியில பாதி வகுப்பு கூரைக்கு, பாதி வாத்தியார் வீட்டுக்கு, மழைக்கு முன்ன போய்ச் சேரணும்னு இந்த வாரமே அனுப்பறோம். தகரம் ஏறினதும் போட்டோ கேட்டிருக்கேன், இங்க போடறேன். செம்பனைத் தம்பி, ஞாயித்துக்கிழமை நம்ம பள்ளி வசூலுக்கு கோயில் மண்டபத்துல கூடறோம், நீங்களும் அப்பாவ கூட்டிக்கிட்டு வாங்க.

அம்மா தனக்கு வர்ற சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பென்சன்லேருந்து மாசம் இருபது வெள்ளி கஞ்சிக்குன்னு தனியா எடுத்து வச்சிட்டாங்க. அந்தக் கஞ்சிக்கு உப்பு போடுவாங்களா சீனி போடுவாங்களான்னு என்னைக் கேக்கறாங்க, அண்ணே உங்களுக்குத் தெரியுமா?

தண்ணிக்காரன்:
சீனிதான் தங்கச்சி. மக்காச்சோள மாவும் சோயா மாவும் கலந்தது, அத 'லிக்குனி பாலா'ன்னு சொல்லுவாங்க. சூடா குடிச்சா நல்லாவே இருக்கும்னு அம்மாகிட்ட சொல்லுங்க.