ஊர்க்காரர் சொன்னதைக் கேட்காமல் விட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

கழிமுகம்:
தானே புயலுக்குப் பிறகு பிச்சாவரம் பக்கம் அலையாத்தி நடுகிற திட்டம் ஒன்றில் ஆறு மாதம் வேலை பார்த்தேன். யார் நடத்தியது என்பது வேண்டாம். மார்ச்சுக்குள் கன்றெல்லாம் மண்ணில் இருக்க வேண்டும் என்று மேலே இருந்து ஒரே நெருக்கடி. இடம் காட்ட வந்தவர் இருளர் அம்மா ஒருவர், பறி என்கிற கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு கையால் தடவியே இறால் பிடிப்பார்களே, அப்படி. நாங்கள் அடையாளக் குச்சி ஊன்றி வைத்திருந்த பள்ளத்துக்கு வந்ததும் தேங்கிக் கிடந்த தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தார். "சுடுது தம்பி. ஏறுன தண்ணி இங்கேர்ந்து இறங்காது. இறாலே வராத எடத்துல செடி எப்படி வரும்? மொதல்ல வாய்க்கா வெட்டுங்க." கன்றுக்குப் பணம் ஒதுக்கியிருந்தார்கள், வாய்க்காலுக்கு இல்லை. நட்டோம். சித்திரையில் போய்ப் பார்த்தால் வரிசை வரிசையாகக் கரிக்குச்சி. அதைவிட உறுத்துவது, அன்றைக்கு அவர் பெயரைப் 'பங்கேற்பாளர்' என்று பதிவேட்டில் எழுதிக் கைநாட்டு வாங்கியது நான்தான். அந்த மையை அவர் அதே தண்ணீரில்தான் கழுவினார்.

கண்மாய்க்கரை:
ஊரைக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற மாதிரி எழுதுகிறீர்கள். ஊர் என்றால் யார்? எங்கள் ராமநாதபுரம் பக்கம் 2017-இல் பாசன விவசாயிகளே கண்மாயைச் செப்பனிடுகிற குடிமராமத்துத் திட்டம் வந்தபோது காகிதத்தில் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம்தான் வேலை செய்தது. நிஜத்தில் ஜேசிபி வைத்திருந்தவர். மழை குறைகிறது, ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் நிற்கும் என்று அள்ளு அள்ளென்று அள்ளினார்கள். வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடுகிற எங்கள் நீர்பாய்ச்சி கரையில் நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மடைக்குக் கீழ தோண்டுனா அந்தத் தண்ணி வயலுக்கு எப்படிய்யா ஏறும்?" சங்கத்தில் உறுப்பினராக இருக்கப் பட்டா வேண்டுமாம், அவருக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அந்த வருடம் கண்மாய் நடுவே தண்ணீர் பளபளவென்று கிடந்தது, மடை வாய் காய்ந்து கிடந்தது.

நெய்தல்காரன்:
கழிமுகம், கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் ஆட்கள் பிச்சாவரத்தில் போய் அந்தம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? 1990களிலேயே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்குள்ள ஊர்களோடு சேர்ந்து மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டித்தானே காட்டை மீட்டார்கள். முன்னே மொத்தமாக வெட்டிச் சாய்த்ததில் வெயில் பட்டுத் தரை தட்டுப்போலக் குழிந்து, தேங்கின தண்ணீர் வற்றி உப்பு ஏறியது. கடல் தண்ணீர் வந்து போக வழி விட்டால்தான் கன்று பிடிக்கும். 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பித்ததைப் பார்த்த பிறகுமா?

என் கதை சின்னது. எங்கள் ஊரில் கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு போட்டபோது பெரியவர்கள், தெண்டி வெள்ளம், அதாவது தெற்கிலிருந்து வருகிற நீரோட்டம், மண்ணை வடக்கே கொண்டுபோகிறது, குறுக்கே கல்லைக் கொட்டினால் வடக்கே இருக்கிற குப்பம் போய்விடும் என்றார்கள். போய்விட்டது. சென்னைத் துறைமுகம் கட்டி மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கடல் அரித்ததும் இதே கதைதானே.

இனிக் கூட்டம் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன், காலை 11 மணிக்குப் போடாதீர்கள். அப்போது ஆண்கள் வலை பிரித்துக்கொண்டு இருப்பார்கள், பெண்கள் மீன் கூடையோடு பஸ்ஸில் இருப்பார்கள், வருகிறவர் தலைவரும் தலைவர் மச்சானும்தான். விசைப்படகுக்காரர் வேண்டுமென்றால் ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போது வாருங்கள். பெண்களைத் தனியாக உட்கார வையுங்கள். அப்புறம் வரைபடத்தை மேசையில் விரிக்காதீர்கள், மணலில் குச்சியால் கோடு போடுங்கள், ஆளாளுக்கு அழித்துத் திருத்துவார்கள். பிஸ்கட்டு கொடுத்துக் கையெழுத்து வாங்குகிற வேலையை...

கண்மாய்க்கரை:
அண்ணே, உங்களிடம் யார் கேட்டது? அவர் கன்று கருகிய கதை சொன்னார்.

கழிமுகம்:
நெய்தல்காரன் அண்ணன் சொல்வது சரிதான். பழைய வாய்க்கால் நாங்கள் நட்ட இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. படகில் தினமும் அதைத் தாண்டித்தான் போனோம்.

அந்தம்மாவைப் பிறகு ஒருமுறை கிள்ளை மாசி மகத்தில் பார்த்தேன். "இப்ப எந்த ஆபீசுல தம்பி இருக்க?" என்றார். கன்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.