கல்வெட்டும் மேற்கோளும் குறிப்புச் செயலியும்: நம் அனுபவங்கள்

சோழர் கால வரலாறு, முனைவர் பட்ட ஆய்வு

மேற்கோள் விவரங்களைச் சேமிக்கும் ஜொடேரோவையும் குறிப்பெழுதும் செயலியான அப்சிடியனையும் சேர்த்து எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று இங்கே பலரும் கேட்டிருந்தீர்கள். என் ஆய்வு சோழர் காலக் கோயில்களில் பணி செய்த பெண்களைப் பற்றியது. ஆதாரம் முழுக்கக் கல்வெட்டு என்பதால் எனக்கு வந்த சிக்கல் கொஞ்சம் வேறு மாதிரி. வரலாறு படிப்பவர்களுக்கு உதவும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஜொடேரோவுக்கு நூல் தெரியும், கட்டுரை தெரியும், ஆய்வேடு தெரியும். கல்வெட்டு தெரியாது. ஆனால் நான் மேற்கோள் காட்டுவது கல்வெட்டைத்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் பணிப் பெண்கள்) நானூறு பேரைக் குடியமர்த்திய கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டு வாசகங்களை அச்சிட்ட ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் இரண்டாம் தொகுதியில் அது 66ஆம் எண். அந்தத் தொகுதி ஒரே மூச்சில் வந்த நூல் கிடையாது. ஹுல்ஷ் பதிப்பித்த முதல் பகுதி 1891இல் வந்தது. கடைசிப் பகுதிகள் பல ஆண்டு கழித்து வேறு பதிப்பாசிரியர்களின் கையில் வந்தன. அப்புறம் மறுபதிப்புகள் வேறு. ஆகவே ஒரே கல்வெட்டுக்கு ஒருவர் ஓர் ஆண்டைப் போடுகிறார், இன்னொருவர் வேறோர் ஆண்டைப் போடுகிறார். யார் கையில் எந்தப் பதிப்பு இருந்தாலும் மாறாமல் இருப்பது 66 என்ற எண் மட்டும்தான்.

அதனால் வேலையை இப்படிப் பிரித்தேன். அச்சில் வந்தது எதுவானாலும் அதன் விவரம் ஜொடேரோவில் இருக்கும்: தொகுதி, பகுதி, பதிப்பாசிரியர், நான் பார்த்த பதிப்பின் ஆண்டு. அப்சிடியனில் நூலுக்கு ஒரு பக்கம் வைப்பதை விட்டுவிட்டு, கல்வெட்டுக்கு ஒரு பக்கம் வைத்தேன். இந்த ஒரு முடிவுதான் மற்ற எல்லாவற்றையும் சுலபமாக்கியது. அந்தப் பக்கத்தின் பெயர் ‘தெ.இ.க. 2-66’. கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியையும் சாய்கோட்டையும் அப்சிடியன் ஏற்காது. அதனால் கோடு போட்டே எழுதிப் பழகுங்கள். இரண்டையும் இணைப்பது பெட்டர் பிப்டெக் என்ற ஜொடேரோ பிளக்இன் (துணைநிரல்) ஒவ்வொரு நூலுக்கும் தருகிற மேற்கோள் குறியீடு. ஒரே கல்வெட்டு மூன்று இடங்களில் அச்சாகியிருந்தால் அந்தப் பக்கத்தில் மூன்று குறியீடுகள் இருக்கும், அவ்வளவுதான்.

பக்கத்தின் தலையில் சில பண்புகள் (விவரப் பெட்டிகள்) வைத்திருக்கிறேன்: ஊர், கோயில், மன்னன், ஆட்சியாண்டு, பொது ஆண்டு, வெளியீடு, பக்கம். ஆட்சியாண்டையும் பொது ஆண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைக்கச் சொல்லி எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். 66ஆம் எண் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சொல்கிறது. அது கல்லில் இருப்பது. 1014 என்று நாம் எழுதுவது, அவன் 985இல் பட்டத்துக்கு வந்தான் என்ற கல்வெட்டு அறிஞர் கீல்ஹார்னின் கணக்கை வைத்து. வேறு மன்னர்களுக்கு அந்தத் தொடக்க ஆண்டே இன்னும் வாதத்தில் இருக்கலாம். நாளைக்குக் கணக்கு மாறினால் பொது ஆண்டுப் பெட்டியை மட்டும் திருத்தினால் போதும்.

அந்தப் பண்புகளுக்குக் கீழே பக்கத்தின் உடலில் மூன்று பகுதிகள். முதலில் வாசகம்: பதிப்பில் உள்ளபடி, வரி எண்ணோடு, ஓர் எழுத்தும் மாற்றாமல். இரண்டாவது பிறர் கருத்து: யார், எந்த நூல், எந்தப் பக்கம், என்ன சொன்னார் என்பதை என் வாக்கியத்தில் எழுதுவேன். அவர் சொல்லையே எடுத்தால் மேற்கோள் குறி கட்டாயம். மூன்றாவது என் எண்ணம்: அதில் தேதியும் போடுவேன்.

இந்தப் பிரிவின் அருமை எனக்கு நெறியாளர் அறையில் புரிந்தது. ஓர் இயலின் வரைவைப் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “ஆளுக்கு நூறு கலம் நெல்லுன்னு எழுதியிருக்கியே, அது கல்லுல இருக்கா, யாராவது போட்ட கணக்காம்மா?” என்று கேட்டார். மடிக்கணினியைத் திறந்து 66ஆம் எண்ணின் பக்கத்தைக் காட்டினேன். வாசகப் பகுதியிலேயே இருந்தது: பங்கு ஒன்றுக்கு நிலம் ஒரு வேலி, இராசகேசரி என்ற அளவோடு ஒக்கும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் (நெல் அளக்கும் அளவையால்) நெல் நூற்றுக்கலம். பக்கத்து வரியில் நான் எழுதியிருந்த நாற்பதாயிரம் கலம் எங்கிருந்து வந்தது என்று அடுத்துக் கேட்டார். அது மூன்றாவது பகுதியில் இருந்தது. நானூறு பேருக்கு நான் போட்ட பெருக்கல். “அப்போ அடிக்குறிப்புல அப்படியே சொல்லிடு” என்றார். சேர்த்துவிட்டேன். இரண்டும் ஒரே பத்தியில் கலந்து கிடந்திருந்தால் அந்தப் பதிலுக்கு மறுபடியும் தொகுதியைத் தேடிப் போயிருக்க வேண்டும்.

இன்னொரு பலன் இணைப்புகள். அதே கல்வெட்டில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வரி உண்டு: எந்தத் தளிச்சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், நக்கன் என்று தொடங்கும் அவள் பெயர், பங்கு ஒன்று. அவள் வந்த ஊர் ஒவ்வொன்றுக்கும் அப்சிடியனில் சிறு பக்கம் வைத்தேன். வேறு கல்வெட்டில் அந்த ஊர்க் கோயில் வரும்போது அதே பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பேன். சில மாதங்களில் திருவாரூர்ப் பக்கத்தின் பேக்லிங்க் பட்டியலை (அதற்கு இணைப்புக் கொடுத்த பக்கங்களின் பட்டியலை) பார்த்தே அந்த ஊரைப் பற்றி ஒரு பத்தி எழுத முடிந்தது.

இந்த வேலையை நமக்கு முன்னால் செய்தவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நொபோரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுய் மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களைத் தொகுத்த அடைவு 1978இல் மூன்று தொகுதிகளாக வந்தது. இன்று நம் மடிக்கணினி ஒரு நொடியில் செய்வதை அன்று அவர்கள் எவ்வளவு பொறுமையோடு செய்திருப்பார்கள்! எனக்கு அந்தத் தொகுதிகளைத் திறக்கும்போதெல்லாம் கை கூப்பத் தோன்றும்.

சங்க இலக்கியப் பதிப்பு வரலாறு, தமிழ்த்துறை

அக்கா, எண்தான் மாறாதது என்று நீங்கள் சொன்னது எங்கள் துறைக்கும் அப்படியே பொருந்தும். புறநானூற்றை உ.வே.சா. 1894இல் அச்சிட்டார். அவர் காலத்திலேயே அடுத்த பதிப்புகள் வந்தன. பிறகு எத்தனையோ பேர் பதிப்பித்துவிட்டார்கள். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். புறம் 192 என்றால் எந்தப் பதிப்பிலும் கணியன் பூங்குன்றனார்தான். அதனால் பாட்டுக்கு ஒரு பக்கம் வைத்து, அதற்குள் பதிப்புவாரியாகப் பாடவேறுபாடுகளை எழுதுகிறேன்.

ஜொடேரோவில் எனக்கு உதவிய இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். மறுபதிப்பை வைத்துப் படிக்கும்போது ஆண்டுப் பெட்டியில் மறுபதிப்பின் ஆண்டைப் போடுங்கள். ‘எக்ஸ்ட்ரா’ என்ற பெட்டியில் ‘ஒரிஜினல் டேட்’ என்று ஒரு வரி சேர்த்து 1894 என்று கொடுங்கள் (அந்தப் பெட்டியில் வரியின் பெயரை ஆங்கில எழுத்தில்தான் தர வேண்டும்). ஏபிஏ போன்ற மேற்கோள் நடைகள் இரண்டு ஆண்டையும் சேர்த்தே காட்டும். 1894இல் நடந்த ஒரு விவாதத்தை நேற்று வந்த புத்தகம் போலக் காட்டுவது பதிப்பு வரலாறு படிப்பவருக்குத் தாங்காது.

அடுத்தது பெயர். சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் என்று தலைப்புப் பக்கங்களில் பலவாறாக இருக்கும். அப்படியே ஏற்றினால் துணைநூற்பட்டியலில் மூன்று பேராகிவிடுவார். நான் ஒரு வடிவத்தை உறுதி செய்துகொண்டு எல்லாப் பதிவிலும் அதையே வைக்கிறேன். தலைப்புப் பக்கத்தில் இருந்த வடிவம் குறிப்பில் இருக்கும். கழகம், ஆதீனம் போன்ற நிறுவனப் பெயர்களுக்குப் பெயர்ப் பெட்டியை ஒற்றைப் பெட்டியாக மாற்றும் பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது. அதை அழுத்தாவிட்டால் நிறுவனத்தின் பெயரை இரண்டாக வெட்டிக் கமா போட்டுவிடும்.

உயிரியல் ஆய்வகம்

எங்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. கட்டுரையின் அடையாள எண்ணான டிஓஐயைக் கொடுத்தால் ஜொடேரோவே விவரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளை ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு ஜொடேரோ எச்சரிக்கும். 2019 முதல் இந்த வசதி இருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவருடைய முன்னுரையில் முக்கியமான ஆதாரமாக இருந்த ஒரு கட்டுரைக்கு ஒருநாள் காலையில் சிவப்புப் பட்டை வந்து நின்றது. அந்தக் கட்டுரையின் குறியீட்டை அப்சிடியனில் தேடியதும், அதை நம்பி எழுதிய குறிப்புகள் எல்லாம் வரிசையாக வந்தன. எந்தெந்த வாக்கியத்தை எடுக்க வேண்டும் என்று அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. குறிப்புகளை ஜொடேரோவின் குறியீட்டோடு கட்டிவைக்கச் சொல்வது இதற்காகத்தான். குறியீடு தானாக மாறாதபடி அதைப் பூட்டிவையுங்கள் (‘பின்’ என்ற வசதி). இல்லையென்றால் தலைப்பைத் திருத்தும்போது குறியீடும் மாறி, பழைய இணைப்புகள் அறுந்துபோகும்.

நூலகப் பணி

தமிழ் மின்னூலகத்திலும் நூலகம் தளத்திலும் கிடைக்கும் பழைய நூல்கள் பெரும்பாலும் படங்களாக இருக்கும். ஜொடேரோவில் அவற்றின் வரியை மஞ்சளாக்க முடியாது. பகுதியைச் சதுரமாக வெட்டிப் படக் குறிப்பாக எடுக்கலாம், அதற்குக் கருவி உள்ளேயே இருக்கிறது. எழுத்துணரி (ஓசிஆர்) கொண்டு உரையாக்கினால் ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, னை, றா போன்றவை பழைய வடிவில் இருக்கும். அங்கேதான் பிழை அதிகம்.

தேடலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ‘நிலம்’ என்று தேடினால் ‘நிலத்தை’, ‘நிலத்தில்’ வராது. ‘நில’ என்று நிறுத்தித் தேடுங்கள். ‘மரம்’ போன்ற சொல்லில் ‘மர’ என்று தேடினால் ‘மரபு’ம் வந்து குவியும். அந்த மாதிரிச் சொற்களுக்குக் குறிச்சொல் வைப்பது நல்லது. இன்னொன்று, ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் பதிவாகியிருக்கலாம், தனித்தனிக் குறியாகவும் பதிவாகியிருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடலில் சில நேரம் சிக்காது. வேறு இடத்திலிருந்து ஒட்டிய உரையில் ஒரு சொல் கிடைக்கவில்லை என்றால் அதையே கையால் ஒருமுறை தட்டச்சு செய்து பாருங்கள்.

கல்வெட்டு ஆய்வு செய்யும் சகோதரிக்கு ஒரு கேள்வி. மசிப்படிகளின் (கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி எடுக்கும் மைப்படிகளின்) ஒளிப்படங்களை எங்கே வைக்கிறீர்கள்? ஜொடேரோவின் இலவச இடம் 300 எம்பிதானே?

சோழர் கால வரலாறு, முனைவர் பட்ட ஆய்வு

அண்ணா, ‘நில’ என்று நிறுத்தித் தேடும் யோசனைக்கு நன்றி. இறையிலி (வரி இல்லாத) நிலங்களைத் தேட அதை இன்றே பயன்படுத்திப் பார்த்தேன், முன்பு வராதவை வந்தன.

ஒளிப்படங்களை ஜொடேரோவில் ஏற்றுவதில்லை, அப்சிடியன் ஃபோல்டருக்குள்ளும் வைப்பதில்லை. பெரிய படங்கள் சேர்ந்தால் கைப்பேசியோடு ஒத்திசைப்பது மிகவும் மெதுவாகிவிடும். வன்வட்டில் ஊர்வாரியாக ஃபோல்டர் வைத்து, படத்துக்குக் கல்வெட்டு எண்ணையே பெயராக வைக்கிறேன். பின்னால் சுவரின் திசையும் வரிசை எண்ணும் வரும்: ‘2-66 வடக்கு 3’ என்பது போல. கல்வெட்டுப் பக்கத்தில் அந்தப் பெயரை மட்டும் எழுதிவைப்பேன். இன்னும் அச்சில் வராத கல்வெட்டானால் எண் இருக்காது. அதற்குக் கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கையின் ஆண்டும் வரிசை எண்ணும் பெயராகும். அதுவும் இல்லாதவற்றுக்கு ஊர், கோயில், நான் படம் எடுத்த தேதி. வாசகத்தை முழுதாகப் படித்து முடிக்கும் வரை அந்தப் பக்கங்களை ‘சரிபார்க்கவில்லை’ என்ற குறிச்சொல்லோடு தனியே வைத்திருக்கிறேன். அந்தக் குறிச்சொல் உள்ள எதையும் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டுவதில்லை.